இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தட்டல்

ஹின்னர்க் லோரென்சனுக்குப் பிறவியிலிருந்தே வாசனை தெரியாது. எக்கர்ன்ஃபோர்டே துறைமுகத்து மீன் புகைக்கூடத்தில் அதை ஒரு வரமென்றே நாங்கள் கருதினோம். கண்ணும் மூக்கும் எரிந்து நாங்கள் வெளியே ஓடும்போது, அவன் அடுப்பின் வாயருகே நின்று நிதானமாக ரொட்டி தின்றுகொண்டிருப்பான்.

வாசனையோடு இன்னொன்றும் அவனுக்கு வாய்க்கவில்லை. மூளையின் அடியிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய்ச் சேரவேண்டிய ஹார்மோன் அவனிடம் சுரக்கவே இல்லை. இருபது வயதுக்கு மேல் போட்ட ஆண் ஹார்மோன் ஊசி குரலைத் தடிக்க வைத்தது; தாடியையும் தந்தது. பிள்ளையைத் தரவில்லை. 1983இல் அவனும் மனைவி வீப்கேயும் கீல் நகரத்தில் டாக்டர் அஸ்முசன் என்ற அம்மையாரிடம் போனார்கள்.

"உங்க சுரப்பி சாகல, தூங்குது" என்றார் அவர். "அதோட செல்கள் மேல ஏற்பிகள் இருக்கு, கதவு மாதிரி. மேலேயிருந்து வர்ற ஹார்மோன் வந்து தட்டினா உள்ளே கால்சியம் ஏறும். உடனே சுரப்பி தன் ஹார்மோனை ரத்தத்துல விடும், அது விந்தகத்தை எழுப்பும். உங்களுக்குத் தட்ட ஆள் இல்ல. அந்த ஊசியோ சுரப்பியை இன்னும் அமுக்குது."

ஊசி நின்றது. இடுப்பில் ஒரு சிறு பம்பு ஏறியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனிடம் சுரக்காத அந்த ஹார்மோனில் ஒரு துளியை அது தோலுக்கடியில் செலுத்தும்.

ஊசி போனதும் தாடி மெலிந்தது. எங்கள் கூடத்து மேஸ்திரி பாய்சன் சும்மா இருப்பாரா?

"என்னடா ஹின்னர்க், தாடியும் வேலையை விட்டுட்டுப் போயிடுச்சா? இடுப்புல என்ன, குஞ்சு பொரிக்கிற பெட்டியா?"

"பொரிச்சா முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன் மேஸ்திரி."

"அட, பேசாம ஊசியைப் போட்டுக்கோ. ஆம்பளையா இரு."

"ஊசி போட்டா தாடி வளரும். தாடிக்குப் பேர் வெச்சுத் தொட்டில்ல போட முடியுமா?"

மேஸ்திரி தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

பரிசோதனைகளில் சுரப்பியின் ஹார்மோன் மெல்ல ஏறியது. ஹின்னர்க்குக்கோ பொறுமை இறங்கியது. எங்கள் கூடத்தில் கோத்த மீனின் எண்ணிக்கைக்குத்தான் கூலி; கை வேகமாக ஓடினால் பை நிறையும். அந்தக் கணக்கைச் சுரப்பிக்கும் போட்டான் அவன். யாரையும் கேட்காமல், பம்பு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டும்படி திருகிவிட்டான்.

அடுத்த பரிசோதனையில், ஏறிவந்த அளவு சரிந்து கிடந்தது. என்ன செய்தான் என்று கேட்டறிந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஓயாம தட்டினா செல் காது கொடுக்காது. ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கும். புதுசா செய்யறதையும் குறைச்சுக்கும். சுரப்பியை அடக்கணும்னா நாங்களே இப்படித்தான் விடாம மருந்து கொடுப்போம். நீங்க வீட்டுலயே அதைச் செஞ்சிருக்கீங்க." பிறகு கையை நீட்டினார். "பம்பைக் கொடுத்துடுங்க. ஊசிக்கே திரும்பிடலாம்."

ஹின்னர்க் பம்பின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

"தப்பு என் கையோடது டாக்டரம்மா, சுரப்பியோடது இல்ல. ஒழுங்கா தட்டின வரைக்கும் அது பதில் சொல்லிச்சு. நான்தான் செவிடாக்கினேன். காது திரும்பற வரைக்கும் காத்திருப்பேன். இதைக் கழட்ட மாட்டேன்."

"வெளியே வேற ஆளுங்க காத்திருக்காங்க" என்றார் டாக்டர்.

"காத்திருக்கட்டும்" என்றாள் வீப்கே. "நாங்களும் இங்கேயே உக்காந்திருக்கோம். ராத்திரி விளக்கை மட்டும் அணைச்சுட்டுப் போங்க."

டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு பம்பைப் பழைய இடைவெளிக்கே திருப்பி, அந்தத் திருகின்மேல் பிசினை ஊற்றி அடைத்தார்.

இடைவெளி திரும்பியதும் செல்கள் ஏற்பிகளை மீண்டும் மேலே கொண்டுவந்தன. சரிந்த அளவு சில வாரங்களில் ஏறியது. ஆனாலும் விந்தணு உருவாக ஓர் ஆண்டுக்கும் மேலாயிற்று. அதுவரை பாய்சனின் கேலியும் ஓயவில்லை. ஹின்னர்க்கின் பதிலும் குறையவில்லை.

கடைசியில் ஒருநாள் நுண்ணோக்கியில் முதலில் கண்ணை வைத்தவள் வீப்கே. "ஓடுதுங்க" என்றாள்.

"எண்ணிக்கை ரொம்பக் குறைவு" என்று டாக்டர் எச்சரித்தார். "பிள்ளை பிறக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன்."

மறுநாள் பாய்சன் வழக்கம்போல் கேட்டார்: "என்னடா, குஞ்சு பொரிச்சுதா?"

"இன்னும் இல்ல மேஸ்திரி. கொஞ்சம்தான் தேறிச்சாம்." ஹின்னர்க் மீன் கோத்த கம்பிகளை அடுப்பில் ஏற்றினான். "ஆனா அத்தனையும் என்னோடது. ஊசி கொடுத்தது ஒண்ணுகூட இல்ல."