காப்பித் தோட்டத்தில் காணாமல் போனவர்

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு மகள் கொடுத்த பரிசு, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் மூன்று நாள் தங்கல். அப்பாவும் அம்மாவும் ஓய்ந்து உட்கார்ந்ததே இல்லை என்பது சென்னையில் வேலை பார்க்கும் அவளுடைய நெடுநாள் குறை.

"அங்க போனை வாங்கி வெச்சிருவாங்கமா. டிவியும் கிடையாது. சும்மா இருக்கணும், அவ்ளோதான்."

"சும்மா இருக்கறதுக்கா அவ்ளோ தூரம் போறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் பட்டு நெய்கிறவர். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறிகள். தெருவில் தறி இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான். காலையில் ஆரம்பிக்கிற சத்தம் விளக்கு வைக்கிற வரை ஓயாது. மதியம் சாப்பிட்டதும் தறிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து ஒரு மணி நேரம் தூங்குவார். அடுத்த தறியில் என் கொழுந்தனார் நெய்துகொண்டிருப்பார்.

டிசம்பரில் போனோம். பழம் பறிக்கிற சமயம். தோட்டத்து அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கிராப்புத் தலை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வாங்க என்று சொன்ன கையோடு ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். நான் ஸ்கேன் எடுக்கப் போகும்போது தாலியைக் கழற்றுகிற மாதிரி போனை அதில் வைத்தேன். இவர் கடைசியாக ஒருமுறை திரையைத் துடைத்துவிட்டு வைத்தார். டப்பா பீரோவுக்குள் போனது.

"சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கும். என்கிட்ட இருந்தா, நீங்க கெஞ்சினா கொடுத்துடுவேன்" என்றார் அந்த அம்மா.

முதல் நாள் காப்பி ஒரு கண்ணாடி ஜாடியில் வந்தது. இவர் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "இரு, பால் வந்துக்கினு இருக்கும்." பால் வரவில்லை. பால் ஊற்றினால் காப்பியின் ருசி மறைந்துவிடுமாம். மூக்கைப் பிடிக்காத குறையாகக் குடித்து முடித்தார்.

மதியம் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்.

"இன்னாங்க, தூக்கம் வரலியா?"

"ஒரு சத்தமும் இல்லபா. காது அடைச்சிக்கினு இருக்கற மாதிரி இருக்குது."

எனக்கோ சொர்க்கமாக இருந்தது. நூல் கொண்டா, தண்ணி கொண்டா என்று யாரும் கூப்பிடவில்லை. கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அவர் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்ததுகூட எனக்குத் தொந்தரவாகத்தான் இருந்தது.

மறுநாள் சாப்பிட்டுப் படுத்தவள் நாலு மணிக்கு எழுந்தேன். அவரைக் காணோம். செருப்பையும் காணோம். காற்று வாங்கப் போயிருப்பார் என்று காத்திருந்தேன். நாலரை ஆயிற்று. மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கத் தொடங்கியது. தோட்டத்து அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"பயப்படாதீங்க" என்றார். "காட்டெருமை ஆளைப் பார்த்தா தானா ஒதுங்கிடும்."

காட்டெருமை இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அவருக்குப் போன் போடுங்கம்மா" என்றேன். அந்த அம்மாவும் பதற்றத்தில் இருந்தார் போல. கூடத்திலிருந்த பழைய லேண்ட்லைனை எடுத்து, நம்பர் சொல்லுங்க என்றார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். சொன்னேன். பீரோவுக்குள்ளிருந்து முருகன் பாட்டு கேட்டது.

பாட்டு முடியும் வரை இரண்டு பேரும் பீரோவைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்த அம்மா ரிசீவரை வைத்தார்.

பிறகு அவர் ஒரு விசிலும் நான் ஒரு கம்புமாகக் கிளம்பினோம். களத்தில் பழம் எடை போட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யாரைத் தேடறீங்க? காஞ்சிபுரத்து அண்ணனையா? அவரு மிஷின் கொட்டாய்ல தூங்கறாருங்க."

காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மிஷின் அது; முந்தின நாள் ஓடவில்லை, அன்றைக்கு ஓடியதோ தறிச் சத்தத்திலேயே வாழ்ந்த என் காதில் உறைக்கவில்லை. கொட்டகையே அதிர்ந்துகொண்டிருந்தது. சுவரோரம் கோணி மூட்டைகளின் மேல் வாய் திறந்தபடி படுத்திருந்தார். ஈ மொய்க்காமலிருக்க யாரோ முகத்துக்கு மேல் துண்டு கட்டிவிட்டிருந்தார்கள். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னா, இழை அறுந்துடுச்சா?" என்று எழுந்தார்.

"அறுந்துச்சு. சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"நீ தூங்கிக்கினு இருந்தபா. வாசல்ல நின்னேன், சத்தம் கேட்டுது. இன்னான்னு பாக்க வந்தேன். கொஞ்சம் உக்காந்தேன்."

அந்த அம்மா சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார். வருகிற விருந்தாளிகள் எல்லாரும் இந்தச் சத்தத்தைத்தான் குறை சொல்வார்களாம். அதற்காகவே ஒவ்வொரு அறையிலும் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு வைத்திருக்கிறாராம். "இதைக் கேட்டுத் தூங்கின முதல் ஆள் நீங்கதான் சார்" என்றார். மறுநாள் கொட்டகைக்குள் ஒரு கயிற்றுக் கட்டிலும் வெள்ளை உறை போட்ட தலையணையும் வந்துவிட்டன.

அந்தக் கட்டிலில் படுத்தவர் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "சத்தம் சரியில்ல, நிறுத்துங்க" என்றாராம். மிஷின்காரர் சிரித்திருக்கிறார். ஆனாலும் நிறுத்திப் பார்த்தால் பெல்ட் ஓரமாகக் கிழிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் அறுந்திருக்கும் என்று மிஷின்காரரே வந்து என்னிடம் சொன்னார். அதன்பின் எங்களுக்கு நடந்த உபசாரம் மகள் ஏற்பாடு செய்ததில் சேராதது. கிளம்பும்போது களத்துப் பெண்கள், எங்களை பஸ் ஏற்றிவிட வந்த ஜீப் வரை வந்தார்கள்.

மூடுபனியில் கம்போடு நடந்த அந்த நேரத்தில் என் மனதில் என்னென்ன ஓடியது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வளைவுகளில் எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்துக்கொண்டவர், சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். சேலம் வரும் வரை முகர்ந்துகொண்டே வந்தேன்.