அகராதியில் என் விரல் விழுந்த வரி

இப்போது வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் வார்த்தைக்குக் கைபேசியிடம் அர்த்தம் கேட்கிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் அகராதியிடம் வேறு விஷயங்கள் கேட்டோம். கேட்டது மற்றவர்கள். விரல் வைத்தது நான்.

குறுக்குத்துறைக்குப் போகிற வழியில், தாமிரபரணிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சித்தப்பா பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரின் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டபோது, மற்றவர்கள் நாற்காலி மேஜை என்று எடுக்க, சித்தப்பா அட்டை கழன்ற அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை வைத்துக் குறி சொல்லவும் ஆரம்பித்துவிட்டார். மாடு தொலைந்தாலும் வரன் தட்டிப்போனாலும் தெருக்காரர்கள் வந்துவிடுவார்கள். நான் குளித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். சித்தப்பா என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பார். என் விரல் விழுகிற வார்த்தைக்கு என்ன அர்த்தமோ அதுதான் பதில். வெள்ளைக்காரன் புத்தகம் பொய் சொல்லாது என்று தெருவுக்கு நம்பிக்கை. விசேஷம் என் விரலில்தான் என்று எனக்கு நம்பிக்கை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்குப் போனவர். தோணி போய்ச் சேரவில்லை, ஆளும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மூன்று ஆடி அமாவாசை கழிந்தும் அத்தை பூவும் பொட்டுமாகவே இருந்தாள்.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் அத்தையின் மாமனார் வந்தார். நல்ல மனுஷர். குரலை உயர்த்தவில்லை.

"எம் பிள்ளை கனவுல வந்து தண்ணி கேக்கான் தாயி. வார அமாவாசைக்கு ஆத்துல எள்ளுந் தண்ணியும் இறைச்சிருதேன். நீ சம்மதிக்கணும்."

சம்மதித்தால் பூவும் பொட்டும் போய்விடும். அது எனக்குக்கூடத் தெரியும். அத்தை சித்தப்பாவிடம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, புஸ்தகத்த எடுங்க. அது சொல்லுததுக்கு நான் கட்டுப்படுதேன்."

மாமனாரும் சரி என்றார். மூன்று தடவை பார்ப்பது வழக்கம். உச்சிப் பொழுது. தெருவில் காக்காய்ச் சத்தம்கூட இல்லை. முதல் தடவை விரல் வைத்தேன்.

"ரிசீவ்," என்று சித்தப்பா படித்தார். "குடுக்கத வாங்குதது. வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லி உள்ள கூப்பிடுதது."

கட்டிய கண்ணுக்கு அத்தையின் முகம் தெரியவில்லை. வளையல் குலுங்கியது மட்டும் கேட்டது. சித்தப்பா புத்தகத்தை மூடித் திருப்பி மறுபடி திறந்தார்.

"ரிசீவர். திருட்டுச் சாமான வாங்குதவன். சாராயங் காச்சையில வடிஞ்சு வந்து விழுத பாத்திரம்."

"எம் பிள்ளை அது ரெண்டையும் தொட்டதில்ல வே," என்றார் மாமனார். "உம்ம புஸ்தகத்துக்கு ஆள் தெரியல."

அம்மா சிரித்துவிட்டாள். சித்தப்பா சிரிக்கவில்லை. "அதே பக்கம் எப்படி வருது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் தடவை, விரலுக்கு அடியில் காகிதம் ஈரமாக இருந்தது. நான் குளித்துக் கை காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சித்தப்பாவின் கட்டைவிரல் என் விரலைப் பைய மேலே தள்ளியது. ஒரு வரிதான்.

"ரிசீவிங் ஷிப். துறைமுகத்துல நிக்கித பழைய கப்பல். புதுசாச் சேந்த ஆளுகள வேற கப்பலுக்கு அனுப்புத வரைக்கும் அதுல வச்சிருப்பாவ."

"கப்பலா?" மாமனாரின் குரல் உடைந்தது. "அப்ப உசுரோட இருக்கானா வே?"

என் விரலுக்கு நடந்த அநியாயத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. துண்டைக் கழற்றி எறிந்தேன். "நான் கீழ வரியிலதான் வச்சேன். சித்தப்பாதான் தள்ளிவிட்டாவ!"

"ஏட்டி, வாய மூடு," என்றார் சித்தப்பா. அவர் முகம் வெளிறியிருந்தது.

"கீழ வரியில என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்லம்மா."

"வாசிங்க."

வாசித்தார். "ரிசீவிங் டூம். செத்தவங்கள ஒடனே பொதைக்க வழியில்லன்னா, பொதைக்குத நாள் வார வரைக்கும் வச்சிருக்கித கல்லறை."

மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தாங்கிப் பிடிக்கப்போன அம்மாவை அத்தை விலக்கிவிட்டாள்.

"ரெண்டும் வச்சிருக்கித எடந்தான மதினி? கப்பலோ கல்லறையோ, வச்சிருக்காவ. இன்னும் அனுப்பல. அனுப்பாத ஆளுக்கு எப்படி மாமா தண்ணி இறைப்பிய? நம்மகிட்ட வந்து சேரட்டும்."

மாமனார் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அத்தை உச்சிப் பொழுதில் கூடத்தில் இலை போட்டுச் சோறு வைப்பாள். தலைவாசலைத் திறந்து, "வாங்க" என்பாள். சற்று நேரம் நின்றுவிட்டு, சோற்றை எடுத்துப் பசுவுக்கு வைத்துவிடுவாள். அந்த நேரத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கமாட்டார்.

அமாவாசையன்று நான் கதவுப் பக்கம் நின்றேன். அத்தை "வாங்க" என்றாள். சொல்லிவிட்டு, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒதுங்கி நின்றாள். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். வாசல்படியிலிருந்து இலை வரைக்கும் ஈரக் கால்தடங்கள். பெரிய ஆம்பிளைப் பாதம். உள்ளே வந்த தடங்கள் மட்டும் இருந்தன; திரும்பிய தடம் ஒன்றுகூட இல்லை. கூடத்தில் உப்பு வாடை அடித்தது. எங்கள் ஆற்றுத் தண்ணீரில் உப்பு ஏது?

அத்தை பதறவில்லை. குனிந்து முதல் தடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆறிரும், சாப்பிடுங்க," என்றாள்.

எனக்குப் பயமே இல்லை. கப்பல் வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுக்களைக்கு ஓடினேன். "அம்மா, கொழும்பு மாமா வந்துட்டாவ! எலையில ஒக்காந்துட்டாவ!"

அம்மா ஓடிவந்து தரையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டு அழ ஆரம்பித்தாள். நல்ல சேதி சொன்ன என்னை எதற்கு அடிக்கிறாள், அடித்தவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. காலையில் வைத்த பூவைத் தலையிலிருந்து தானே எடுத்து, இலையோரம் வைத்தாள். வேறு பூ வைக்கப்போகிறாளாக்கும் என்று, நான் அழுகையோடே தோட்டத்துக்குப் பிச்சி பறிக்க ஓடினேன்.