பிரேக்கக்காவின் ஒற்றை அலமாரி

“ஸ்டீயரிங்கை முழுசா ஒடி. முழுசான்னா முழுசா! அது என்ன கண்ணாடி வளையலா, உடைஞ்சுடுமா?”

கார் பின்னோக்கி ஊர்ந்து, நடைபாதையை ஒட்டி ஒருவழியாக நின்றது. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண் நெற்றி வியர்வையைத் துடைப்பதற்குள் பக்கத்து இருக்கையின் கதவு திறந்து மூடிவிட்டது. “வண்டியை அணைச்சுட்டு கண்ணாடியையே பாத்துக்கிட்டு இரு. பின்னால என்னென்ன வண்டி போச்சுன்னு வந்து கேப்பேன்.” சொல்லிக்கொண்டே பிரேக்கக்கா எதிரிலிருந்த பழைய பேப்பர் கடைக்குள் நுழைந்தாயிற்று.

அவளிடம் கார் ஓட்டக் கற்ற எல்லாருக்கும் இது தெரியும். பக்கவாட்டில் வண்டி நிறுத்தும் பாடம் பழைய பேப்பர் கடை வாசலில் மட்டும்தான் நடக்கும். கடை மூடியிருந்தால் அன்றைக்கு நேர்ச்சாலைதான்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. எந்நேரமும் முழுக்கைச் சட்டை. அப்படியிருந்தும் ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் வெயிலில் கறுத்து, வேறு யாரிடமோ கடன் வாங்கியதுபோல் இருக்கும். பயிற்சிக் காரில் கற்றுத்தருபவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. அக்காவின் கால் அதை விட்டு நகராது. வீட்டில் டிவி பார்க்கும்போதும் திரையில் ஒரு லாரி வேகமெடுத்தால் அவள் கால் தரையை அழுத்தும். அந்தப் பெயர் வந்தது அதனால்தான்.

கடைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்தார். “அக்கா, ஒரு பெரிய வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. மூட்டை மூட்டையா வந்திருக்கு. மொத்தமா எடுத்துக்கோங்க, சும்மாவே தரேன்.”

“சும்மா குடுத்தா வாங்கிப் போட்டுக்க நான் என்ன குப்பைத்தொட்டியா?”

ஆனாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். தடித்த அகராதி, தோல் அட்டை போட்ட நாவல்கள், படம் போட்ட உயிரியல் புத்தகம் எல்லாம் அவள் கைபட்டு இடப்பக்கம் போயின. எதையும் குறை சொல்லவில்லை. அழகான பெண்ணைப் பார்த்துவிட்டு, இவள் நம் வீட்டு மருமகள் இல்லை என்று எழுந்து வருகிறவர்களின் முகம் அவளுக்கு. வெறுங்கையோடுதான் காருக்குத் திரும்பினாள். பெரும்பாலான நாட்களில் வெறுங்கைதான்.

அவள் சேர்ப்பது ஒரே வகைப் புத்தகம். ஆசிரியர் உதவியின்றி இத்தனை நாளில் கற்கலாம் என்று மார்தட்டுகிற புத்தகம். அதிலும் உடம்பு கற்றுக்கொள்கிற வித்தையாக இருக்க வேண்டும்: நீச்சல், மல்யுத்தம், நடனம், முடிவெட்டு, புல்லாங்குழல். மொழி கற்றுத்தருபவை சேர்த்தியில்லை. “நாக்கு எப்படியும் எதையாவது உளறும். கைகாலைத்தான் ஏமாத்த முடியாது.” அதற்கும் மேலே ஒரு நிபந்தனை. யாராவது அந்தப் புத்தகத்தை நம்பி முயன்று பார்த்திருக்க வேண்டும். அவளுடைய நீச்சல் புத்தகம் முழுக்க நனைந்து, காய்ந்து, அலை அலையாக உப்பியிருக்கும். முடிவெட்டுப் புத்தகத்தின் நடுவில் இன்னமும் சுணை சுணையாக யாருடைய தலைமுடியோ இருக்கிறது. நடனப் புத்தகத்தில், இடது பாதம் என்று அச்சிட்ட படத்தின்மேல் ஒரு நிஜமான கால் பெருவிரலின் அழுக்கு ரேகை. புத்தம் புதிதாக, மடிப்புக் கலையாமல் ஒன்று வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். “இதை யாரும் நம்பல. எனக்கு எதுக்கு?”

எல்லாம் சேர்த்து ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. அது நிறைந்து பல காலம் ஆகிறது. புதிதாக ஒன்று உள்ளே போக வேண்டுமானால் பழையதில் ஒன்று வெளியே வந்தாக வேண்டும். அந்த நாட்களில் அவள் யாரோடும் பேச மாட்டாள். பயிற்சிக்கு வருகிறவர்கள் திட்டு வாங்காமல் வீடு திரும்புவார்கள்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்று கேட்டால் மழுப்ப மாட்டாள். கல்யாணம் ஆகாத வயதில் அவளுக்குக் கார் ஓட்ட ஆசை. அப்பா சிரித்தார், மாமா முறைத்தார். கற்றுத்தர ஒருவரும் இல்லை. எங்கிருந்தோ ஒரு புத்தகம் கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்து, தரையில் மூன்று செருப்புகளை வரிசையாக வைத்து மிதித்துப் பழகினாள். “அந்தப் புத்தகம் உருப்படியா ஒண்ணும் சொல்லித்தரல. முதல் நாள் நிஜ வண்டியில ஏறினதும் சுவத்துலதான் போய் முட்டினேன். ஆனா உன்னால முடியும்னு எங்கிட்ட சொன்னது அது ஒண்ணுதான்.”

மிதித்த மூன்று செருப்புகளில் ஒன்று அவள் அண்ணனுடையது.

அண்ணன் வானிலை அலுவலகத்தில் இருந்தார். மழை வரும் வரும் என்று சொல்லியே ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அவருக்கும் புத்தகம்தான் உயிர், ஆனால் வேறு தினுசு. எந்தப் புத்தகம் கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவார். வாங்கியதை மறந்துபோய் மறுபடியும் வாங்குவார். யாராவது வீடு மாறினால், யாராவது இறந்துபோனால், அங்கிருக்கும் புத்தகங்கள் கயிறு கட்டிய கட்டுகளாக அவர் வீட்டுக்கு வந்து சேரும். அடுக்ககத்தில் அவருடைய வீட்டின் நான்கு அறைகளும் நிறைந்து, பரண் நிறைந்து, கடைசியில் கட்டிலும் நிறைந்தது. அண்ணி கூடத்துச் சோபாவில் படுக்கப் பழகிக்கொண்டாள். குடியிருப்பு முழுக்க அண்ணனுக்குத்தான் பேர். பிரேக்கக்காவின் அலமாரியைப் பார்த்துவிட்டு, “இது என்ன, பழைய கடைச் சரக்கா?” என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

ஒருநாள் பரணிலிருந்து ஒரு கட்டு அவிழ்ந்து அண்ணியின் தோளில் விழுந்தது. கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில் கை தொங்கியது. அண்ணி போனில் அழவில்லை. “பாப்பா, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. நான் சொன்னா எடுபடல,” என்றாள். அக்கா அன்றைய வகுப்புகளை ரத்து செய்துவிட்டுப் போனாள்.

கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக நீட்டினாள். “இது எதுக்குண்ணே வாங்கினே?”

“இருக்கட்டும்.”

“இது?”

“ஒருநாள் உதவும்.”

“இது ரெண்டு இருக்கு.”

“ரெண்டும் இருக்கட்டுமே, உன்னை என்ன கேக்குது? பாவம், எடைக்குப் போட்டா கிழிச்சு பொட்டலம் கட்டிடுவான்.”

நான்காவது கட்டோ ஐந்தாவதோ, அதில்தான் அது இருந்தது. மெலிந்த, வெளிறிப்போன புத்தகம். ‘மங்கையர் மிதிவண்டிப் பயிற்சி.’ வேறொரு புத்தகத்தின் பின்னட்டையில் அதன் விளம்பரத்தை மட்டும் பார்த்து, எத்தனையோ வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிய புத்தகம். பிரித்தாள். ஏறி அமர்வது எப்படி என்ற பக்கத்தில் சைக்கிள் சங்கிலியின் கருப்பு எண்ணெயோடு ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ‘விழும் அச்சம் இரண்டாம் நாளே நீங்கிவிடும்’ என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல்: பொய்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அதுதான் வினையாயிற்று. அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“இது என் கலெக்‌ஷன்ல இருக்கு.”

“இருக்குன்னு உனக்கு இப்பதானே தெரியும்?”

“அதனால? என் வீட்டுல இருக்கறது என்னுது. உனக்கு ஒரு அலமாரி. எனக்கு நாலு ரூம். யாரு கலெக்டர்னு ஊரைக் கேளு.”

“ஊரை எதுக்குக் கேக்கணும்? அண்ணிகிட்ட கேளு.”

அண்ணன் முகம் சிவந்தது. பிறகு அவரே இறங்கி வந்தார். குடியிருப்புச் சங்கத்தில் அவரைப் பாராட்டப் போகிறார்கள். ‘நூல் சேகரிப்புச் செம்மல்’ என்று கேடயம்கூடச் செய்தாயிற்று. தங்கை என்ற முறையில் அவள் மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று தலைவர் கேட்டிருந்தார். “என் அண்ணன் பெரிய சேகரிப்பாளர்னு ஒரு வார்த்தை சொல்லிடு, பாப்பா. புத்தகத்தை அங்கேயே உன் கையில குடுத்துடறேன்.”

“சொல்ல மாட்டேன்.”

“ஒரு வார்த்தைதானே,” என்றாள் அண்ணி, தொட்டிலில் தொங்கும் கையோடு.

“ஒரு வார்த்தைதான் அண்ணி. அது உண்மையா இருந்தா பத்து தடவை சொல்லுவேன்.”

புத்தகத்தை அங்கேயே படித்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டாள். அண்ணன் எதிரே நாற்காலியில் காவல் இருக்க, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். மூடினாள். அவர் கையிலேயே கொடுத்தாள். செருப்பை வேண்டுமென்றே நிதானமாக மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

பாராட்டு விழாவுக்கு அவள் வர மாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். மேடையின் பின்னால் அழகுக்காக அண்ணன் வீட்டுக் கட்டுகளை மலைபோல் அடுக்கியிருந்தார்கள். சங்கத்துப் பையன்கள் வாரிக்கொண்டு வந்தவை. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அக்கா ஒலிபெருக்கியை எட்டிப் பிடித்தாள்.

“எங்க அண்ணனுக்கு ஒரு புத்தகத்தை அநாதையா விட மனசு வராது. மழையில நனையற நாய்க்குட்டியைத் தூக்கிட்டு வர்ற மாதிரி தூக்கிட்டு வந்துடுவாரு. எனக்கு அந்த மனசு கிடையாது. நான் வேணாம்னு சொன்ன புத்தகத்துல எத்தனையோ நல்ல புத்தகம் இருந்தது. அதெல்லாம் இந்நேரம் மில்லுல அரைச்சு காகிதக் கூழாயிருக்கும். எனக்கு அதுல வருத்தம் உண்டு, ஆனா இனிமேயும் வேணாம்னுதான் சொல்லுவேன். சேகரிக்கறதுன்னா அதுதான். அண்ணன் பண்றது சேகரிப்பு இல்ல. அதைவிட நல்லதா இருக்கலாம். ஆனா சேகரிப்பு இல்ல. கேடயத்துல வேற ஏதாவது எழுதுங்க.”

கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. தலைவர் கேடயத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் எழுந்துபோய் அவரிடமிருந்து கேடயத்தைத் தானே வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கி நடந்தார். உறவில் பாதிப்பேர் அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கூடப்பிறந்தவனைச் சபையில் இப்படி மூக்கறுக்கலாமா என்று அவள் மகளே கேட்டாள். “சபையில பொய் சொல்லச் சொன்னா சபையிலதான் பதில் சொல்லணும்,” என்றாள் அக்கா. அன்றைக்குப் பயிற்சியில் யாரும் திட்டு வாங்கவில்லை.

சில வாரம் கழித்து அண்ணியின் போன். “பாப்பா, வீட்டை ரெண்டாக்கிட்டு இருக்காரு. அந்த சைக்கிள் புத்தகத்தைக் காணோமாம். பத்திரமா எங்கேயோ வச்சாராம். விழாவுக்குக் கொண்டு போய் வந்ததுல கட்டெல்லாம் கலந்துபோச்சு.”

“எனக்குக் குடுக்கவா தேடறாரு?”

“உன் மூஞ்சியில விட்டெறியறதுக்காம். என் வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்னு அவளுக்குக் காட்டறேன்னு நிக்கறாரு.”

அக்கா போனபோது நடுஅறை புழுதிக்காடாக இருந்தது. அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பிரித்த கட்டுகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீ எதையும் தொடாதே. நானே எடுப்பேன்.”

“எடு. யாரு வேணாம்னாங்க?” என்று அவருக்கு முதுகு காட்டி அவளும் உட்கார்ந்தாள்.

அண்ணன் அடுத்த கட்டைப் பிரித்து, தனக்குத்தானே முணுமுணுத்தார். “அட, சங்கு, சிப்பி பத்தி ஒரு புத்தகம். இதை எப்ப வாங்கினேன்?” பக்கம் புரண்டது. “ஏம்மா, இதைக் கேளு. ஒரு சிப்பிக்கு கண்ணே இத்தனை இருக்காம்!” உள்ளறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. அவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அதன்மேல் இருந்த கட்டுகள் தேடலில் இறங்கிவிட்டிருந்தன. “சத்தமா படிங்க, கேக்கல.” அண்ணன் சத்தமாகப் படித்தார். ஒரு புத்தகத்தை ஓரமாகத் தள்ளி, “இது நமக்கெதுக்கு?” என்றார். சற்று யோசித்து மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதையும் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

அக்கா தன் முன்னால் இருந்த கட்டின் முடிச்சை அவிழ்த்தாள். மேலிருந்து மூன்றாவதாக அந்த மெலிந்த முதுகு தெரிந்தது. உருவினாள். எண்ணெய்க் கட்டைவிரல். பென்சில் எழுத்து. முதுகுக்குப் பின்னால் அண்ணன் பக்கம் புரட்டுவதையும், கட்டிலிலிருந்து அண்ணி ‘உம்’ கொட்டுவதையும் காது கொடுத்துக் கேட்டாள்.

“என்ன, அமைதியாயிட்டே? கிடைச்சுதா?” அண்ணன் திரும்பாமலே கேட்டார்.

“நீதானே எடுப்பேன்னே? தேடு.”

கறுத்த கையால் அட்டையிலிருந்த தூசியை ஒருமுறை துடைத்தாள். புத்தகத்தை எடுத்த இடத்திலேயே செருகி, கயிற்றை இழுத்துப் பழையபடி முடிச்சுப் போட்டு, அண்ணன் இன்னும் பிரிக்காத கட்டுகளின் வரிசையில் எல்லாவற்றுக்கும் கடைசியாக அதைத் தள்ளி வைத்தாள்.