கள்ளக்குறிச்சி என்று ஒரு வரி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து நகர்ந்து போயிருப்பேன். கல்வராயன் மலையிலிருந்து வேனில் வந்து இறங்கும் கடுக்காய், சாமை, தேன், புளி இவற்றைத் தரம் பிரித்துப் பை கட்டும் குடோனில் எனக்கு வேலை. குடோன் கள்ளக்குறிச்சியில். வீடு நைனார்பாளையத்தில். காலையில் முதல் ஆளாக வந்து ஷட்டரைத் தூக்குவது நான் என்பதால் அந்தக் கம்ப்யூட்டர் வேலையும் என் தலையில் விழுந்தது.

முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அக்கா மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவன்தான் எங்கள் சரக்கை நெட்டில் விற்பதற்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். அதை எத்தனை தடவை பார்க்கிறார்கள், எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் ஒரு சேவை நெட்டிலேயே இருக்கிறதாம். அதன் பக்கத்தைத் திறந்தால் எங்கள் பழைய கம்ப்யூட்டர் சுற்றிச் சுற்றி அப்படியே நின்றுவிடும். அதனால் அந்தத் தம்பி வேறு வழி செய்தான். ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் ஒரு வரியை டைப் அடித்து என்டர் தட்டினால், போன ஏழு நாள் கணக்கு வெள்ளை எழுத்தில் வந்து விழும். இடது பக்கம் ஊர், வலது பக்கம் எண்.

அடிக்கவேண்டிய வரியை அட்டைப்பெட்டி மூடியில் பெரிதாக எழுதிப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டுப் போனான். அதை நான் படிக்கவில்லை. கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அழுத்தினேன். எழுத்தைவிட இடைவெளிதான் என்னைப் படுத்தியது. ஒரு இடத்தில் இடம் விட மறந்தாலும் ஜன்னல் சிவப்பில் என்னவோ திட்டும். பிறகு ஒரு நாள், மேல்பக்கம் அம்புக்குறி போட்ட பட்டனை அழுத்தினால் நேற்று அடித்த வரி தானாகவே வந்து நிற்கும் என்று கண்டுகொண்டேன். அதற்கப்புறம் பயம் போய்விட்டது. ஊர்ப் பெயர்கள் இங்கிலீஷில் வரும். பஸ் போர்டில் பார்த்துப் பழகிய வடிவங்கள்தான். சென்னை, கோயம்புத்தூர், சேலம். பாய் டீ குடித்துக்கொண்டே கேட்பார், நான் வாசித்துக் காட்டுவேன்.

வெப்சைட்டுக்குப் படம் எடுக்கத் தம்பி ஒரு தடவை வந்திருந்தான். தேன் பாட்டிலை எடுத்தான், சாமையைக் குவித்து எடுத்தான், கடைசியில் என்னை முறத்தோடு நிற்கச் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். கல்யாணங்களில் போட்டோ எடுக்கும்போது பந்தி நடக்கிற இடத்துக்குப் போய்விடுகிற ஆள் நான். ஆதார் கார்டில் இருக்கிற என் முகம் பிடிபட்டவன் முகம். கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, "அண்ணே, முறத்த கீழ வுட்டுடாதீங்க, அதுதான் அழகா கீது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தம்பி எடுத்துவிட்டான்.

'எங்கள் ஆட்கள்' என்ற பக்கத்தில் அந்தப் படம் வந்தது. கீழே இரண்டு வரி: 'மலைச் சரக்கை முதலில் பார்ப்பவை இவருடைய கண்கள். இவர் சரி என்று சொன்ன பிறகே நாங்கள் பை கட்டுகிறோம்.'

முதல் தடவை பார்த்தபோது அது யாரோ என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் சவரம் செய்ய எவ்வளவு முகம் வேண்டுமோ அவ்வளவுதான் தெரியும். இந்தப் படத்தில் ஒருவன் முழுசாக நின்று, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். யாருக்கும் பயப்படாதவன்போல இருந்தான். இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பார்த்தேன். வேனுக்குக் காத்திருக்கும்போது பார்த்தேன், சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். குடோன் வைஃபை என் போனிலும் இருந்தது. எண்ணுகிற யந்திரத்தைத் தினமும் ஓட்டுகிறவன் நானே. அது என்னையும் எண்ணும் என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

பட்டியலில் அதுவரை இல்லாத ஒரு பெயர் வந்தது. கள்ளக்குறிச்சி. முதலில் கடைசியில் இருந்தது. பிறகு சேலத்துக்கு மேலே ஏறியது, அப்புறம் கோயம்புத்தூரையும் தாண்டியது.

பாய்க்குத் தாங்க முடியாத சந்தோஷம். "நம்மூர்க்காரன் பாக்குறான்யா! சாமையக் கண்டா கோழிக்கா போடப்போறன்னு கேட்டவனுங்க, இப்ப வூட்ல குந்திக்கினு பாக்குறானுங்க!" என்று டீக்கடையில் போய்ச் சொன்னார். சொந்த ஊர் தன்னிடம் வாங்கவில்லை என்ற குறை அவருக்கு வெகு நாளாக உண்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை காலியாவதாகப் புரோக்கர் வந்து சொன்னதும் பிடித்துக்கொண்டார். அட்வான்ஸுக்கு மலை வேனை விற்றுவிடுவது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

அந்த வாரம்தான் பாய் கேட்டார்: "நம்மூர்க்காரன் எந்தச் சரக்க ஜாஸ்தி பாக்குறான்? அதத்தான் புதுக் கடையில முன்னாடி வெக்கணும்."

தம்பியிடம் போனில் கேட்டோம். வரியின் கடைசியில் சேர்க்கவேண்டியதை எழுத்து எழுத்தாகச் சொன்னான், நான் அடித்தேன். ஊருக்குப் பக்கத்தில் எந்தப் பக்கம் என்பதும் வந்தது. கள்ளக்குறிச்சிக்கு நேரே ஒரே பக்கம்தான் இருந்தது. 'எங்கள் ஆட்கள்.'

"தேனப் பாக்கல, புளியப் பாக்கல, உன்னையா பாக்குறானுங்க?" என்றார் பாய்.

கடுக்காய் பொறுக்குகிற பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "இன்னாண்ணே, பொண்ணு குடுக்க வராங்களா? அண்ணிக்கு போன் போடட்டா?" என்றாள் அந்த அக்கா. "டிக்கெட் போட்டு வுடுங்க பாய், கூட்டம் நெறைய வருது" என்றாள் இன்னொருத்தி.

பாய் அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டார். "சிரிக்காதீங்கம்மா. நம்மூர்க்காரன் ஆளப் பாத்துதான் சரக்கு வாங்குவான். புதுக் கடை போர்டுல இவன் படத்தையே பெருசா போட்டுடலாம்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. புளி மூட்டையை எடை போடப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். அதற்கப்புறம் போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்து என்ன பயன், ஏழு நாள் கணக்கு பட்டியலில் அப்படியே நின்றது. வேன் டிரைவரைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன் தம்பிக்கு போன் செய்தேன். "தம்பி, எத்தினி தடவ பாத்தாங்கன்னு வருது. எத்தினி பேரு பாத்தாங்கன்னு பாக்க முடியுமா?"

"முடியும்ணே. அந்த வரியில ஒரே ஒரு வார்த்தைய மாத்தினா போதும்" என்று எழுத்துகளைச் சொன்னான்.

அம்புக்குறியை அழுத்தி வரியை வரவழைத்து, அந்த வார்த்தையை அழித்து, அவன் சொன்னதை அடித்தேன். சென்னையின் எண் கொஞ்சம் குறைந்தது. கள்ளக்குறிச்சிக்கு நேரே ஒன்று என்று வந்தது.

"இன்னாண்ணே வந்துச்சு?"

"ஒண்ணு."

"ஒரே ஆளா? யாருண்ணே அது, இத்தினி தடவ?"

"தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பாய் குளித்து, வெள்ளை உடுத்தி, அத்தர் பூசி வந்தார். புரோக்கர் கூடவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேனின் ஆர்சி புத்தகம் பாயின் கையில் இருந்தது. நான் கம்ப்யூட்டர் பக்கம் நின்றுகொண்டு, "பாய், ஒரு நிமிஷங்க" என்றேன்.

"சொல்லுய்யா."

"கள்ளக்குறிச்சியில ஒரே ஆளுதாங்க."

"இன்னா ஒரே ஆளு?"

"பாக்குறது. தடவதான் ஜாஸ்தி. ஆளு ஒண்ணுதாங்க."

பாய் கறுப்பு ஜன்னலைக் குனிந்து பார்த்தார். புரோக்கர் சிரித்தார். "எந்தப் பைத்தியம் பாய் அது, வேல வெட்டி இல்லாம?"

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். கடைப் பேச்சு நிற்க அதுவே போதும். ஆனால் பாய், "அவன் யாருன்னு கண்டுபுடிய்யா. அவ்ளோ ஆசையா பாக்குறவன நேர்ல பாத்து ரெண்டு கிலோ சாமையாச்சும் குடுத்துட்டு வரணும்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. சொந்த ஊரில் ஒருவன் கிடைத்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டு நின்றார்.

"நான்தாங்க" என்றேன்.

புரோக்கர் இன்னும் பெரிதாகச் சிரித்தார். நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அந்த அக்கா குனிந்து கடுக்காயைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் ஏதாவது சொல்லிச் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

பாய் புரோக்கரிடம், "கடைய அப்புறம் பாக்கலாம், நீ கெளம்பு" என்றார். ஆர்சி புத்தகத்தை மேஜை டிராயரில் போட்டு மூடினார். செருப்பு மாட்டும்போது என்னைப் பார்க்காமல், "நல்லாதான்யா கீது அந்தப் படம்" என்றார்.

"எடுத்துடச் சொல்லுங்க பாய்."

"எதுக்குய்யா?"

"எடுத்துடச் சொல்லுங்க."

வேண்டாம், இருக்கட்டும் என்று அவர் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. என்னை மேலும் சங்கடப்படுத்தவேண்டாம் என்று நினைத்திருப்பார். மசூதிக்குப் போகிற வழியிலேயே தம்பிக்குச் சொல்லிவிட்டார்போல. சாயங்காலம் கிளம்புவதற்கு முன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் நின்ற இடத்தில் கடுக்காய்க் குவியல் இருந்தது. கீழே இருந்த இரண்டு வரியும் இல்லை.

மறுநாள் வேன் வழக்கம்போல் மலைக்குப் போயிற்று. பாய் டீயோடு வந்து உட்கார்ந்தார். இனி ஒவ்வொரு நாள் கணக்கும் தனியாக வரட்டும், எத்தனை பேர் என்று வரட்டும் என்று தம்பியைக் கேட்டு வரியை மாற்ற வைத்திருந்தார். நான் அதை அடித்தேன். நேற்றைய கணக்கு வந்து விழுந்தது. சென்னை வாசித்தேன், கோயம்புத்தூர் வாசித்தேன்.

"கள்ளக்குறிச்சி" என்றேன். நேற்றுச் சாயங்காலம் நான் திறந்து பார்த்தது அதில் நின்றது. "ஒண்ணுங்க."

பாய் டீயை ஊதிக் குடித்தார். "ம். அப்புறம்?" என்றார்.

நான் அடுத்த ஊரை வாசித்தேன்.