தையல்காரர் வாட்டர் பம்ப் மாற்றியது

அந்தத் தெருவில் யாருக்காவது உடம்பு போட்டுவிட்டால் தையல்காரரிடம் வருவார்கள். அவர் தைத்த எதிலும் உள்ளே துணி விட்டிருப்பார். பிரித்து, தளர்த்தி, அன்றைக்கே கொடுத்துவிடுவார். செருப்பை ஒரு அளவு பெரிதாக வாங்குவார். ரயிலுக்குப் போனால், அதற்கு முந்தைய ரயில் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"இவரைக் கட்டிக்கிட்டதுல எதையும் தவறவிட்டதில்ல. காத்திருந்தே வயசாயிடுச்சு" என்பாள் அவர் மனைவி.

மாமியார் அவர்களோடுதான் இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குக் கொடுத்த நாளை ஏற்கனவே இருமுறை தட்டிக்கழித்திருந்தார். ஒருமுறை இருமல், ஒருமுறை கனவு சரியில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் அவருக்குக் குமட்டும். மருமகனின் பழைய காரில் மட்டும் குமட்டாது. மறுபடி கிடைத்த நாளுக்கு முந்தின நாள் காலை, அந்தக் காரின் முன்பக்கத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது.

"விட்டுடுங்க மாப்பிள்ளை. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் மாமியார்.

"அம்மா, நீ சந்தோஷப்படுறது இங்க வரைக்கும் தெரியுது" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

மெக்கானிக் ஊரில் இல்லை. உதிரிபாகக் கடைக்காரர், என்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் ஒன்றைப் புதிதாகக் கொடுத்து, "பெல்ட்டைக் கழட்டுங்க, நாலு போல்ட்டைக் கழட்டுங்க, பழசை எடுத்துட்டுப் புதுசை வைங்க. சட்டைக்குக் காலர் மாத்துற மாதிரிதான்" என்றார்.

தையல்காரர் அதை நம்பினார். போல்ட்டுகளை, இருந்த வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வைத்தார். பழைய பம்ப் கையோடு வந்தது. அதன் தண்டு ஆடியது. தண்ணீர் அதன் வழியாகத்தான் கசிந்திருக்கிறது. என்ஜினில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங் தாளைப் பிளேடால் சுரண்டினார். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே அந்தத் தாள் இருந்தால்தான் ஒழுகாது. புதுத் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தார். மாமியார் வந்து அதன்மேல் உட்கார்ந்தார். தாள் துண்டு துண்டாகக் கிழிந்தது.

"கண்ணு தெரியல மாப்பிள்ளை."

"அதுக்குத்தான் அத்தை ஆஸ்பத்திரி."

கடை அதற்குள் சாத்தியிருந்தது. தையல்காரர் கலங்கவில்லை. மாதிரி வைத்து வெட்டுவது அவர் தொழில். கிழிந்த துண்டுகளை அளவு அட்டையின்மேல் பொருத்தி, சுண்ணக்கட்டியால் கோடு இழுத்து, வெட்டினார். பம்பை மாட்டி, முறுக்கி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்தார். உள்ளே சரசரவென்று ஏதோ உரசியது. நிறுத்திவிட்டுக் கழற்றினார். நடு ஓட்டையைச் சுற்றி, கோட்டைத் தாண்டி அட்டை நீண்டிருந்தது. பம்புக்குள் சுழலும் தகடுகள் அதைக் கடித்திருந்தன.

"என்னங்க, துணி விட்டிருக்கீங்க" என்றாள் மனைவி.

அவர் பார்த்தார். விட்டிருந்தார்.

"பம்ப் எப்பங்க குண்டாகப் போகுது?"

மறுபடி வெட்டினார். கத்திரியைக் கோட்டின் மேலேயே வைத்துத்தான் ஆரம்பித்தார். முடித்தபோது கோடு அழியாமல் இருந்தது, அதைத் தாண்டி நூலளவு மிச்சமும் இருந்தது. கை பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த அட்டையை எடுத்தவர், வெட்டாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாமியாருக்கு அவர் முகம் தெரியவில்லை. கத்திரிச் சத்தம் நின்றது கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"அந்தச் சாமானை என் மடியில வைங்க."

வைத்தார். மாமியார் அட்டையைப் பம்பின்மேல் பரப்பி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். இரும்பின் விளிம்பு விரலில் தட்டுப்பட்ட இடங்களில், பட்டன் அடிக்கும் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். விளிம்பே அட்டையை வெட்டியது. மிச்சம் மடியில் உதிர்ந்தது.

"பாத்தீங்களா. கண்ணே இல்லாம பண்ணிட்டேன். இனிமே ஆஸ்பத்திரி எதுக்கு?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"ஒழுகினா போக வேண்டாம் அத்தை. ஒழுகலைன்னா போறோம்."

"பேச்சு மாறக் கூடாது" என்றார் மாமியார்.

ஒழுகவில்லை. என்ஜினை வெகுநேரம் ஓடவிட்டார்கள். மாமியார் காருக்கு அடியில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். கை ஈரமாகவில்லை.

காலையில் தெருமுனை திரும்பியதுமே, "நிறுத்துங்க மாப்பிள்ளை. சொட்டுற சத்தம் கேக்குது" என்றார். தையல்காரர் இறங்கி, பானெட்டைத் திறந்து, விரலை வைத்துப் பார்த்தார்.

"இல்ல அத்தை."

பாலத்துக்குப் பக்கத்தில் மறுபடி நிறுத்தச் சொன்னார். மார்க்கெட்டைத் தாண்டியும் சொன்னார். தையல்காரர் ஒவ்வொரு முறையும் இறங்கினார். பின்சீட்டில் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரித் தெருவுக்குள் நுழைந்ததும், "நிறுத்துங்க."

இந்த முறை அவர் பானெட்டைத் திறக்கவில்லை. சுற்றி வந்து மாமியார் பக்கத்துக் கதவைத் திறந்து, தரையில் குந்தினார்.

"ஒழுகுதா?"

"இல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

"பாக்கவே இல்ல அத்தை. பயமா இருக்கா?"

மாமியார் கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"இருக்கிறதும் போயிட்டா?"

"எனக்கும் அதே பயம்தான்" என்றார் தையல்காரர்.

மாமியார் அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, அந்த மங்கலில் அவரைத் தேடினார்.

"அப்ப சரி. மெதுவா போங்க."

கார் எவ்வளவு மெதுவாக ஓட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினார். பின்னால் ஹாரன்கள் சேர்ந்தன. மனைவி கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, எல்லோரையும் முன்னால் போகச் சொன்னாள்.