என் அடுப்பைப் பார்த்து வைத்த பூசை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பங்கள் ஏழுதான். மற்ற எல்லாரும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். எங்களுக்குப் பூசை வேண்டுமென்றால் வட்டகொடை ஸ்டேஷன் வரை நடந்து, ரயில் ஏறி, டவுன் வேதக்கோயிலுக்குப் போக வேண்டும். அப்படிப் போய்விட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

"இனிமே மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம சாமியார் நம்ம தோட்டத்துக்கே வர்றாரு."

"நல்லதுதானே. எங்க பூச வைப்பாரு?"

"நம்ம வீட்லதான். நான் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு என்றால் என்ன வீடு? வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரே ஓர் அறை, முன்னால் குனிந்து நுழைகிற ஒரு சின்னத் தாழ்வாரம், அதை இஸ்தோப்பு என்போம். அந்த அறைக்குள்தான் அடுப்பு, அடுப்புக்கு மேலே விறகுப் பரண், ஒரு கட்டில், அரிசிப் பானை, கம்பளி, கொழுந்துக் கூடை, நாங்கள் இரண்டு பேர், இரண்டு வயதில் ஒரு மகள்.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை எனக்குச் சனியாகவே போனது. மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, முதுகு விண்விண் என்று தெறிக்க வந்து, கட்டிலைத் தூக்கி இஸ்தோப்பில் வைப்பேன். பானை சட்டியெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவிடம் போகும். கருவாட்டுப் பானையை அதற்கும் அப்பால் கொண்டுபோய் வைக்க வேண்டும், சாமியாருக்கு வாடை அடித்துவிடுமாம். பிறகு தரை முழுக்கச் சாணி போட்டு மெழுக வேண்டும். இரண்டு தேயிலைப் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, என் கல்யாணத்துக்கு வந்த ஒரே வெள்ளைச் சீலையை மேலே விரித்தால் அதுதான் பீடம். பீடம் வைக்க வேறு சுவர் கிடையாது என்பதால் அடுப்புச் சுவரை ஒட்டித்தான் வைத்தோம். அந்தக் காலத்தில் சாமியார் சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் பூசை வைப்பார். ஆக, எங்கள் தோட்டத்தில் அவர் என் அடுப்பைப் பார்த்துத்தான் பூசை வைத்தார்.

பூசை முடிகிறவரை அடுப்பு மூட்டக்கூடாது, புகை வரும். பிள்ளைக்குக் கஞ்சி கிடையாது. பூசை முடிந்ததும் சாமியாருக்கு முட்டை, ரொட்டி, தேத்தண்ணி எல்லாம் உடனே வேண்டும், பாவம், அவர் பூசைக்காக நடுச்சாமத்திலிருந்து பட்டினி. அணைந்து கிடக்கிற அடுப்பில் ஈர விறகை வைத்துக்கொண்டு நான் ஊதுவேன். வந்த பெண்கள் இஸ்தோப்பில் நின்றபடி, "ஒனக்குக் குடுத்து வச்சிருக்கு, சாமியே வீட்டுக்கு வர்றாரு" என்பார்கள். குடுத்து வைத்தவள் கண்ணெல்லாம் புகை.

இதில் என் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று கேட்கலாம். அவருக்கு ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை. சனிக்கிழமை வேலை முடிந்து வருவார், குளிப்பார், செபமாலையை எடுப்பார். முதுகு வலிக்கிறது என்றால், "ஆண்டவருக்காக ஒப்புக்கொடு" என்பார், வலியைக் காணிக்கையாக வைத்துவிட வேண்டுமாம். கட்டில் நனைந்துவிட்டது என்றாலும் அதே ஒப்புக்கொடுதான். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்போதெல்லாம் என் கையில் இருப்பதைத் தூக்கி எறியலாம் போல இருக்கும். என் முதுகை எத்தனை தரம்தான் இவர் ஒப்புக்கொடுப்பார்?

இப்படி ஒரு வருசம் ஓடியது. அடுத்த ஆடி மாதம் எங்கள் பக்கம் மழை விடவே இல்லை. மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்கும்போது கர்ர் கர்ர் என்று சத்தம். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து, "புள்ளைய ஈரத்துல வைக்காதீங்க, சூட்டுல வச்சிருங்க" என்றார்கள். அந்த வாரம்தான் பூசை.

வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன். "இந்த மாசம் நம்ம வீட்ல வேணாங்க. அடுப்ப அணைக்க முடியாது. வேற யாரு வீட்லயாச்சும் வைக்கச் சொல்லுங்க."

"ஒரு காலைதானே புள்ள."

"ஒரு காலையில புள்ளைக்கு எதுவும் ஆச்சுன்னா?"

"ஆண்டவர் பாத்துக்குவாரு. நீ ஒப்புக்..."

"வாய மூடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் சொன்னது மண்டையில் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். எங்கே! யாரிடமும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் கோபம் தணிந்துவிடும், எழுந்து மெழுகிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு சாமியாரைக் கூப்பிட ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அடுப்பை நன்றாக மூட்டி, பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒன்பது மணி வாக்கில் இஸ்தோப்பில் ஆள் சத்தம் கேட்டது. மற்ற ஆறு குடும்பமும் வந்துவிட்டது. பிறகு என் வீட்டுக்காரரின் குரல். கதவைத் தட்டினார்.

"ஏய், கதவத் தொற. சாமி வந்துட்டாரு."

"தொறக்க மாட்டேன்."

"சாமி மழையில நிக்கிறாரு!"

"எம்புள்ள சூட்டுல கெடக்குது. நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல."

வெளியே ஒரு பெண் "ஐயோ, சேசுவே" என்றாள். சாமியாரை வாசலில் நிறுத்திவிட்டேன். நரகத்துக்குப் போவதற்கு இதைவிட நேரான பாதை இருக்க முடியாது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அந்த அக்கா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "ஏன் எல்லாரும் நனையிறீங்க? எங்க வீட்டுக்கு வாங்க சாமி. எடம் கெடக்கு."

அக்கா மாரியம்மனுக்கு ஆடி விரதம் இருக்கிறவர். அன்றைக்குக் கூழ் ஊற்றப் போகிறேன் என்று, முதல் நாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வீட்டை மெழுகி, கோலம் போட்டு வைத்திருந்தார். அந்தத் தரையில் இருபத்தைந்து பேர் சேற்றுக் காலோடு ஏறினார்கள். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி இருக்கும், அதனால் பக்கத்து வீட்டில் நடப்பது எல்லாம் கேட்கும். அக்கா தன் வீட்டுக்காரரிடம், "ஆத்தா படத்துக்கு முன்னால ஒரு சீலையக் கட்டி விடுங்க, அவுங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்று சொன்னது கேட்டது. பிறகு லத்தீன் கேட்டது. என் அடுப்புப் புகை சுவருக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் போனது. சாமியார் நடு நடுவே இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் எனக்கு உடம்பு கூசியது. விறகை வெளியே இழுக்கவும் இல்லை.

பூசை முடிந்து மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை மெதுவாக. சாமியாரேதான். திறந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், அங்கி முழங்கால் வரை நனைந்திருந்தது. உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, அடுப்பின் பக்கம் கையை நீட்டிச் சூடு காய்ந்தார். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். கொடுத்த கையோடு, எனக்கே தெரியாமல், அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டிவிட்டேன்.

"சாமி, ஒவ்வொரு மாசமும் இந்தக் கட்டில் எங்க போகுதுன்னு தெரியுமா? அடுப்பு மூட்டாம புள்ள பசியில கெடக்கறது தெரியுமா? இவுக ஒப்புக்கொடு ஒப்புக்கொடுன்னு சொல்லிட்டு மாலைய உருட்டுறாக. இங்க எல்லாத்தையும் தூக்குறது நானு."

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "தெரியாது பிள்ளை. நான் ஒருநாளும் கேக்கேல்லை. கேட்டிருக்க வேணும்."

பிறகு வாசலில் நின்ற ஆண்களைப் பார்த்து, இனி ஏழு வீட்டிலும் முறை வைத்துப் பூசை நடக்கும் என்றார். என் வீட்டுக்காரர் அப்போதும் விடவில்லை.

"சாமி, மத்தவுக வீட்ல எடம் பத்தாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாம் வெள்ளக்காரன் ஒரே அளவுல கட்டுன லயம் சாமி. வேணும்னா கயிறு புடிச்சு அளந்து பாருங்க."

மறுநாள் வேலை விட்டு வந்ததும் சாணி கரைத்துக்கொண்டு போய் அக்காவின் வீட்டை மெழுகினேன். "நீ எதுக்கு மெழுகுற, எந்திரி" என்று அவர் வாளியைப் பிடுங்கப் பார்த்தார். கூழ் ஊற்றுவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டாராம். அதை விட்டுவிட்டு, புள்ளைக்குச் சளி எப்படி என்று கேட்டார். சளி பத்து நாளில் இறங்கியது.

என் வீட்டுக்காரர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மழையில் நின்றதற்காக அல்ல. "பூசை நடக்கிற வீடு" என்ற பெயர் போய்விட்டதே என்றுதான். அடுத்த மாதம் பூசை நடந்த வீட்டுப் பெண், சனிக்கிழமை இரண்டு தரம் என்னிடம் ஓடி வந்தாள். முதலில் சாணி கேட்டு, பிறகு வெள்ளைச் சீலை கேட்டு. மூன்றாவது மாதத்துக்காரி, "இத்தன நாளு நீ எப்புடித்தான் சமாளிச்ச?" என்றாள். குடுத்து வைத்தவள் என்று யாரும் அதற்குப் பிறகு சொல்லவில்லை. முறை சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இவர் யாரும் சொல்லாமலே கட்டிலைத் தூக்கினார். தனியாகத் தூக்கத் தெரியாமல் வாசற்படியில் இடித்துக் கட்டில் கால் ஒன்றை உடைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

சாமியாரிடம் அடுத்த தடவை பாவசங்கீர்த்தனம் செய்தபோது, பூசைக்குக் கதவைத் திறக்காமல் இருந்ததைச் சொன்னேன். அதற்குப் பரிகாரமாக மாதாவை நினைத்து மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். அன்றைக்கே முழங்காலில் நின்று சொல்லி முடித்தேன். ஆனால் அது பாவம்தான் என்று முழு மனதாக ஒத்துக்கொள்ள இன்றைக்கும் என்னால் முடியவில்லை.