சிவப்பு நூல் இல்லாத துணி

பட்டறையில் எல்லோரும் அவனை 'அவசரம்' என்றே கூப்பிட்டார்கள். வண்டி நிற்பதற்குள் ஸ்பேனரைத் தூக்குகிறவன். அவன் அண்ணன் நேர்மாறு, கழற்றிய போல்ட்டுகளை எண்ணி வைத்து, எண்ணித்தான் மாட்டுவார். அவர் இறந்து இரண்டு மாதமாகிறது.

அன்று காலை, தண்ணீர் கேன் போடுகிறவர் வண்டியைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்தார். நாலு கேனோடு பாலம் ஏறிய வண்டி, இப்போது இரண்டு கேனுக்கே மூச்சு வாங்குகிறதாம்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைஞ்சுது. நமக்கு வயசாகுற மாதிரி அதுக்கும் ஆகுதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

அவசரம் இப்போதெல்லாம் அண்ணனைப் போலவே வரிசையாகப் பார்க்கிறான். பின்சக்கரத்தைச் சுற்றினான், தடையில்லாமல் சுற்றியது, பிரேக் உரசவில்லை. ஓட்டிப் பார்த்தான், கிளட்ச் நழுவவில்லை. கிக்கரை மிதித்தால் காலை எதிர்த்துத் தள்ளியது, பிஸ்டனிலும் குறையில்லை. பிளக்கைக் கழற்றினால் கரிக்கட்டை போல் கறுப்பு. பெட்ரோல் போகிறது, காற்றுதான் போதவில்லை.

கார்புரேட்டரைக் கழற்றி, அதற்குக் காற்று வரும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டான். துணி தட்டுப்பட்டது.

கார்புரேட்டரைக் கழற்றினால், தூசி போகாமலிருக்க அந்தக் குழாய் வாயில் துணி திணிப்பது வழக்கம். மறந்துவிடாதபடி அதில் சிவப்பு நூல் கட்டி வெளியே தொங்கவிட வேண்டும். அது அண்ணன் போட்ட சட்டம். இந்தத் துணியில் நூல் இல்லை. அண்ணனின் பழைய கட்டம்போட்ட சட்டைக் கிழிசல். உள்ளே நழுவி ஓரமாக ஒதுங்கி, மாதக்கணக்கில் தூசியும் எண்ணெயும் குடித்து ஊதிப்போயிருந்தது.

வேலை முடிந்ததும் ஃபில்டர் மூடியின் உட்புறம் தேதி எழுதிவைப்பது அண்ணனின் பழக்கம். மூடியைக் கழற்றி அவர் கையெழுத்தைப் பார்த்து அவசரம் விரல்விட்டு எண்ணினான். எட்டு மாதம்.

அண்ணனுக்கு மறதி எப்போது ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, பதினைந்து நாள் இருக்கும் என்று சொன்னவன் அவன்தான். மூளையில் கட்டி, முன்னமே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பதினைந்து நாளில்தான், அண்ணன் முடுக்க மறந்த நட்டு கழன்று ஒரு வண்டி திரும்பி வந்தது. வந்தவர் முன்னாலேயே அவன் கேட்டான்: "முடியலைன்னா வீட்டுல உக்காரேன். என் பேரையும் சேர்த்து ஏன் கெடுக்குற?"

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போனார். அப்புறம் பட்டறைக்கு வரவேயில்லை.

தண்ணீர்க்காரர் எட்டிப் பார்த்தார். "துணியா? இந்தப் பட்டறையைத் தவிர வேற கை பட்டதில்லையே. யார் பார்த்த வேலை?"

அவசரம் மூடியைக் கவிழ்த்து வைத்தான். "நான்தாண்ணே."

"அதானே பார்த்தேன். சும்மாவா பேர் வெச்சாங்க? உங்க அண்ணன் கை பட்டிருந்தா இப்படி ஆகுமா?"

"ஆகாதுண்ணே."

சற்று நேரத்தில், நாலு கேனோடு வண்டி பாலம் ஏறும் சத்தம் கேட்டது. கியர் குறைக்காமல், ஒரே சீராக. அது தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவசரம் அந்தத் துணியைப் பெட்ரோலில் அலசிப் பிழிந்தான். நூல்கண்டைத் தேடி எடுத்து அதன் முனையில் கட்டினான். முடிச்சு இரண்டு முறை நழுவியது.